மிட்டாய்க் கடையும் ஊர்க்கட்டுப்பாடும்

(குருவிகுளத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022 செப்டம்பரில் வெளியான அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதே சங்கரன்கோவில் வட்டாரத்தில், பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம் கடைக்காரர் சொல்கிறார்: ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்கு இனி எதுவும் கொடுக்க மாட்டோம் என்று. என்ன கட்டுப்பாடு என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் இன்று நாம் பதில் தேட வேண்டும்.

2020இல் அந்த ஊரில் நடந்த தகராறு வழக்கானது. வழக்கு இருந்ததால் ஒருவருடைய ராணுவ வேலைக்குச் சிக்கல் வந்தது. வழக்கை வாபஸ் வாங்கி ராசியாகப் போகச் சொன்னார்கள், நடக்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கட்டுப்பாடு. ஆகவே இது வெறும் மிட்டாய் விவகாரம் இல்லை. சட்டத்திடம் போனதற்கான தண்டனை. அந்தத் தண்டனை பிள்ளைகள் தலையில் விழுந்தது.

கடைக்காரர் கைது செய்யப்பட்டார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. நமக்கு முக்கியமானது அடுத்து நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்விலக்கு வைத்தவர்களே ஊருக்கு வெளியே நின்றார்கள்.

இது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. 1989இலேயே இருந்த பிரிவுதான். ஆனால் அப்போது அது பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும். வன்கொடுமை நடக்கலாம் என்று அரசு அடையாளம் காணும் பகுதிகளுக்கும் அதை விரித்தது 2015 திருத்தம். உச்சவரம்பும் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு ஆனது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக, 3(1)(zc) என்று எழுதியதும் அதே திருத்தம்தான்.

ஆனால் கோரிக்கை பழையது. 1930 வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் தங்கள் திட்டத்தில் புறக்கணிப்பைக் குற்றமாக்கச் சொன்னார்கள். பர்மாவின் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார்கள். அடிக்காமலே ஒரு தெருவைப் பட்டினி போட முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். நிலமும் கடையும் கூலியும் ஒரே கையில் இருந்தால், ஒரு வார்த்தை போதும்.

உங்கள் ஊரில் இப்படி நடந்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, ஆதாரம் திரட்டுங்கள். பாஞ்சாங்குளத்தில் வழக்கை நிறுத்தியது அந்த வீடியோதான். இரண்டு, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. 'விசாரிச்சுட்டுச் சொல்றோம்' என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். மூன்று, ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும்; அது 15ஏ தரும் உரிமை. யாரோ செய்கிற தயவு இல்லை.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தடை ஆறு மாதத்துக்கு மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளும் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். நம் தெருவிலேயே ஒரு கடை, நம் பெயரில் கொஞ்சம் நிலம், நமக்கென்று ஒரு வேலை என்பவை இல்லாதவரை, ராசியாகப் போகச் சொல்லி யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

என்ன கட்டுப்பாடு என்று கேட்ட பிள்ளைக்கு அது தெரியாது. தெரியாமலே அந்தப் பிள்ளை வளர வேண்டும். நமக்குத் தெரியும், வேலை நம்முடையது.

ஜெய்பீம்.