மரபைக் காப்பது என்றால் எதைக் காப்பது?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"ஃபோன் வந்தது, பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்" என்று நம் உடப்புசல்லாவைப் பக்கம் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அவர்களுடைய அச்சத்தைப் பழமைவாதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். மரபைக் காக்க நினைப்பவர்கள் ஊருக்கு வேண்டும். எதைக் காப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

என் துறையிலிருந்தே ஓர் உதாரணம். பெரியம்மை கண்ட வீட்டில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று முன்னோர் நம்பினார்கள். வேப்பிலை கட்டினார்கள். அம்மைப்பால் குத்தினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். 1796இல் ஜென்னர் தொடங்கிய அந்த முறை உலகெங்கும் பரவியது. 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனது; மாரியம்மன் போகவில்லை. இன்றும் தோட்டங்களில் கரகம் எடுக்கிறோம். ஊசியை ஏற்றதால் பக்தி குறையவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1869இல் இந்நாட்டில் இலைத்துரு நோய் கண்டது. அதன்பின் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்தன. லயக் காம்பரா மட்டும் பல தோட்டங்களில் அப்படியே நின்றது. அதை மரபு என்று சொல்ல முடியுமா? பழையதெல்லாம் காக்கத் தக்கதல்ல.

ஆகவே புதிதாக ஒன்று வரும்போது நாம் கேட்க வேண்டியது இதுதான்: இது சுமையைக் குறைக்கிறதா, மனிதரைக் குறைக்கிறதா? கொழுந்து பறிக்கும் இயந்திரம் ஒரு தாயின் முதுகுவலியைக் குறைத்தால் வரட்டும். அவளுடைய பேரையும் சம்பளத்தையும் குறைக்குமானால், அவளைக் கேட்காமல் வரக்கூடாது. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் ஃபோனில் பிள்ளையின் முகம் பார்க்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

காமன் கூத்தை இளைஞர்கள் ஃபோனில் படம் பிடிக்கிறார்கள். நல்லது. ஆனாலும் அடுத்த வருடம் பாட ஓர் ஆளும் தப்படிக்க ஓர் ஆளும் வேண்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவியும் தன் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ ஒரு தாலாட்டைப் பதிந்து வரட்டும். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, அதைத் தானே பாடிக் காட்டட்டும். இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே அதைத் தொடங்குவோம்.