பிஸ்டன் சொன்ன சாட்சி
(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பேசுவோம், வீட்டைப் பேசுவோம். செயின்சாவின் வயிற்றுக்குள் இருப்பதைப் பேசவா கூடினோம் என்று சிலர் எண்ணலாம். பேசத்தான் வேண்டும் தோழர்களே! நமது சம்பளமும் சில வேளை அந்த வயிற்றுக்குள்தான் மாட்டிக்கொள்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மறுநடவுக்காகக் கிழட்டுப் பால்மரங்களைச் சாய்த்தார்கள். துண்டு போடும் வேலை ஒரு தோழருக்கு. கொடுத்ததோ பழைய செயின்சா. ஒரு நாள் பாதி மரத்தில் அது நின்றது. பிறகு கிளம்பவே இல்லை. “டூ-டி எண்ணெய் கலக்காமல் பச்சைப் பெட்ரோலை ஊற்றிவிட்டான், சிலிண்டர் போயிற்று, சம்பளத்தில் பிடி” என்றார்கள். “கலந்துதான் ஊற்றினேன் ஐயா” என்றார் அவர். சாட்சி யார்? ஒருவருமில்லை. ஆனால் உள்ளே இருந்த பிஸ்டன் எல்லாவற்றையும் பார்த்திருந்தது!

அமுக்கம் என்பது என்ன?

பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல் கலந்த காற்றை அமுக்குகிறது. அமுக்கம் பலமாயிருந்தால்தான் பிளக்கில் தீப்பொறி தெறித்ததும் வெடியும் பலமாயிருக்கும். காற்று ஓரமாக நழுவாமல் காவல் காப்பது பிஸ்டனைச் சுற்றிய ரிங். ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்தால் காவல் போயிற்று. அப்போது செயின்சா குளிர்ந்திருக்கையில் கிளம்பும். சூடேறிய பின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். கயிற்றை இழுத்தால் தடையே தெரியாது.

ஆயினும் அவசரப்பட்டு சிலிண்டர்மேல் பழி போடாதீர்கள். சங்கிலி மொட்டையானாலும், காற்று வடிகட்டி அடைத்தாலும், சைலன்சர் துவாரம் கரி பிடித்தாலும், சங்கிலிப் பிரேக் பிடித்திருந்தாலும் செயின்சா சோர்ந்துதான் ஓடும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

சோதிக்கும் முறை

முதற் சோதனைக்குக் காசு வேண்டாம். சுவிட்சை நிறுத்துங்கள். சங்கிலிக்கு உறை போடுங்கள். தரைக்கு அருகிலேயே, கயிற்றுப் பிடியைப் பிடித்துச் செயின்சாவைத் தொங்கவிடுங்கள். அமுக்கம் இருந்தால் தயங்கித் தயங்கி, விட்டு விட்டு இறங்கும். இல்லாவிட்டால் கிணற்றில் விட்ட வாளிபோல் சரசரவென்று இறங்கிவிடும்.

இரண்டாவது, அளவுமானிச் சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் மானியைத் திருகுங்கள். சுவிட்ச் நிறுத்தியே இருக்கட்டும். சோக்கைத் திறந்துவிட்டு, திராட்டிலை முழுக்க அழுத்தி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். சதுர அங்குலத்துக்கு 150 ராத்தல் அளவில் நின்றால் நல்ல ஆரோக்கியம். 120-க்குக் கீழே என்றால் தளர்ச்சி. 90-க்குக் கீழே என்றால் கிளம்புவதே அரிது. செயின்சாவுக்குச் செயின்சா இந்தக் கணக்குச் சற்று மாறும்.

மூன்றாவது, பிளக் துவாரத்தில் அரைக் கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளவெடுங்கள். முள் நன்றாக உயர்ந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் கசிவு வேறிடத்தில். பிளக் இருக்கையைப் பாருங்கள்.

பிஸ்டனின் வாக்குமூலம்

இனித்தான் முக்கியமான விஷயம். சைலன்சரைக் கழற்றினால் புகை வாசல் தெரியும். கார்புரேட்டரைக் கழற்றினால் காற்று நுழையும் வாசல் தெரியும். டார்ச் அடித்துப் பிஸ்டனின் இரு பக்கமும் பாருங்கள்.

சுற்றிலும் ஆழக் கீறி, புகை வாசல் பக்கம் மிக மோசமாயிருந்தால், எண்ணெய் இல்லாப் பெட்ரோல் என்று ஐயப்படலாம். புகை வாசல் பக்கம் மட்டும் கீறியிருந்தால், சூடு மிஞ்சியிருக்கிறது. எண்ணெய் குறைந்தது மட்டுமா அதற்குக் காரணம்? கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாக விட்டாலும், கிராங்க் சீல் வழியே வெளிக்காற்று புகுந்தாலும், குளிர்விக்கும் இறக்கைகளில் மரத்தூள் அடைத்தாலும் இதே கீறல்தான் விழும். கீறலைக் கண்டதும் தீர்ப்பு எழுதுவது நியாயமன்று!

காற்று நுழையும் பக்கம் மட்டும் பளபளப்பு மங்கி, சாம்பல் பூத்தாற்போல் தேய்ந்திருந்தால், அது தூசி செய்த வேலை. வடிகட்டி கிழிந்தோ பொருந்தாமலோ இருந்திருக்கிறது.

நமது தோழரின் செயின்சாவை மண்டோர் முன்னிலையிலேயே திறந்தோம். புகை வாசல் பக்கம் ஒரு கீறலும் இல்லை. மறுபக்கம் சாம்பல் பூத்துத் தேய்ந்திருந்தது. வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்தோம்; விரல் நுழையும் கிழிசல்! ஸ்டோர்ப் புத்தகத்தைப் புரட்டினோம். புது வடிகட்டி கேட்டு மூன்று முறை எழுதியிருந்தார் கிராணி. மூன்று முறையும் வரவில்லை. பிடித்தம் கைவிடப்பட்டது. தோழர்களே, அன்று ஒரு குடும்பத்தின் அரிசிக் காசைக் காப்பாற்றியது பிஸ்டனும் கிராணியின் பேனாவுமே!

நாம் செய்ய வேண்டுவன

சிலிண்டர் மாற்றும்முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். சீல் கசியும் செயின்சாவில் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் கீறும். பழி மறுபடி நம்மேல்தான் விழும். ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் நேராக வைத்தால் இரு முனைக்கும் நடுவே இடைவெளி தெரியும். அது 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிங்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சிலிண்டரின் உட்பூச்சு உரிந்து அலுமினியம் தெரிந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான்.

எண்ணெய்க் கலவையில் நாமும் ஒழுங்காயிருக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. 25-க்கு 1 கேட்கும் பழைய செயின்சாவுக்கு 200 மில்லி. கண்ணால் அளக்காதீர்கள், அளவுக் குப்பியால் அளங்கள். வடிகட்டியைத் தினமும் தட்டுங்கள். தவறு நம்முடையதானால் ஒப்புக்கொள்வோம். சங்கம் பொய்க்குக் குடை பிடிக்காது.

கிராணிமார்களே! யார் கலந்தார், எவ்வளவு கலந்தார், வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். வேலைக் கருவியைப் பாதுகாப்பான நிலையில் பேணித் தருவது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்லுகிறது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 24-ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. நினைத்ததைப் பிடிக்க அங்கே இடமில்லை. பிடித்தம் என்று கேட்டவுடன் கையெழுத்துப் போடாதீர்கள். “முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள் ஐயா, எல்லார் முன்னிலும் பார்ப்போம்” என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

கருவியை அறிந்தவனை எவரும் ஏய்க்க முடியாது.