குப்பைமேடும் சுழல் சல்லடையும்



செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால், அந்நீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சென்றடையும். 2022ஆம் ஆண்டில் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பெற்ற அச்சதுப்பை ஒட்டித்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு மலைபோல் வளர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அங்குப் பற்றிய தீ, பல நாள்கள் அணையாது புகைந்தது. மேலே நீர் பாய்ச்சினாலும், உள்ளே மட்கும் பொருள்களினின்று எழும் மீத்தேன் வாயு கனலை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆதலின் மேட்டை அகழ்ந்து, உலர்த்தி, வகை பிரித்து அகற்றும் 'பயோமைனிங்' முறை அங்குக் கையாளப்பட்டது.

அம்முறையின் நடுநாயகம் சுழல் சல்லடை. தொழிற்கூடத்தார் அதனை 'டிராமல்' என்பர். நீரை வடிகட்டிப் பருகும் மரபில் வந்தோர்க்குச் சல்லடையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதனை வடிவமைக்கும் இயந்திரப் பொறியாளர்க்கு, அஃது உருளையில் துளையிடும் எளிய வேலையன்று. உருளையின் விட்டம் 2 மீட்டர் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 சுற்றுகளை எட்டினால், குப்பை சுவரோடு ஒட்டியே சுழலும், கீழே விழாது, சலிப்பு நின்றுபோகும். மிக மெதுவாகச் சுழன்றாலோ அடியிலேயே புரண்டு கிடக்கும். குப்பை மேலேறி விழுந்து சிதறுவதற்கேற்ற வேகம், அந்த 30ஐவிடக் குறைவாக உள்ளது. சாய்வு மிகுந்தால் குப்பை சலிபடாமலே வெளியேறும். துளை சிறுத்தால் ஈரமண் அடைத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் கணக்கில் அடங்குவன. கணக்கில் அடங்காதவை கந்தல் துணியும் கயிறும் நெகிழிப் பையும். அவை சுழலும் பாகங்களில் சுற்றிக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்தி, ஒரு தொழிலாளி கத்தியோடு உள்ளே நுழைந்து அறுத்தெடுக்க வேண்டும். அவர் உள்ளிருக்கையில் வேறொருவர் அறியாமல் விசையை அழுத்திவிட்டால்? கதவு திறந்திருக்கும்வரை மோட்டார் ஓடாதவாறு தடுக்கும் பூட்டை வரைபடத்தில் சேர்ப்பது பொறியாளரின் பொறுப்பு. செலவைக் குறைக்க விழைவோர் முதலில் நீக்கச் சொல்வதும் அதனையே. அங்கே 'இயலாது' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். கொல்லாமையைப் போற்றும் அவையில் இதனை அழுத்திக் கூறுதல் தகும்.

அயல்நாட்டு இயந்திரத்தை அப்படியே படியெடுத்தலும் பயன் தராது. நம் ஊர்க் குப்பையில் வாழையிலையும் காய்கறித் தோலும் மிகுதி; ஈரமும் மிகுதி. குப்பையைப் பிறக்குமிடத்திலேயே பிரித்தல் வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் ஒரே பையில் கட்டி வாயிலில் வைக்கும் ஒவ்வொரு வீடும், அப்பொறியாளரின் வேலையை மேலும் கடினமாக்குகிறது.

ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலையில் மகன் வடிவமைப்பாளர் என்றால் பெற்றோர்க்குப் பெருமை. குப்பை பிரிக்கும் இயந்திரம் என்றால் பெண் கொடுக்கவே தயங்குவோர் உளர். இரண்டிற்கும் கற்கும் கல்வி ஒன்றே: தாங்கி, பல்சக்கரம், பற்றவைப்பு, உலோகத்தின் வலிமை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கார் செய்பவர்க்கு எவ்வகை இரும்பு வந்து சேரும் என்பது முன்கூட்டியே தெரியும். சல்லடை செய்பவர்க்கு நாளைய வண்டியில் என்ன வரும் என்று எவரும் சொல்ல முடியாது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மேடு முழுதும் நனைந்து சேறாகும். அதற்குள் திருத்திய உருளை களத்திற்கு வந்தாக வேண்டும்.