மேடையில் ஒளி செய்யும் மாயம்

(சங்க ஆண்டு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையில், பள்ளியிறுதிப் படிப்போடு நின்று ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் என்னைப் பேசப் பணித்ததற்குக் காரணம் ஒன்றே. நம் சங்க நாடகங்களில் அரிதாரம் பூசாமலும் வசனம் பேசாமலும், பக்கத் திரைக்குப் பின்னே விளக்குகளோடு நிற்பவன் நான். இவ்வாண்டு நாடகத்தைக் கைவிட்டு, பெரிய மின்திரை ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பாட்டும் ஆட்டமும் வைத்துக்கொள்ளலாம் என்று அன்பர்கள் சிலர் கருதுகிறார்கள். நாடகக் காட்சிகளுக்குச் செலவு மிகுதி என்பது அவர்கள் கூறும் நியாயம். அவர்களைப் பழிக்க நான் எழவில்லை. காட்சியின் சிறப்புக்குப் பணத்தைவிடக் கவனமே பெரிதும் வேண்டும் என்பதை எடுத்துக்காட்டவே விழைகிறேன்.

நாம் பிழைக்க வந்துள்ள இவ்வங்க நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1959ஆம் ஆண்டில் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் 'அங்கார்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். நிலக்கரிச் சுரங்கத்தில் அகப்பட்ட தொழிலாளரின் துயரக் கதை அது. சுரங்கத்தினுள் வெள்ளம் புகுந்து ஏறி ஆட்களை மூழ்கடிக்கும் காட்சியை ஒளியைக் கொண்டே படைத்தார் தாபஸ் சென் என்னும் கலைஞர். அதே காலத்தில் விசுவரூபா அரங்கில் நடந்த 'சேது' நாடகத்தில், ரயில் வண்டி பாய்ந்து வருவதை ஒளியாலும் ஓசையாலும் காட்டி மக்களைத் திகைக்க வைத்தவரும் அவரே. மெய்யான ரயிலை நாள்தோறும் காணும் நம் போன்றோருக்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

தமிழ் மேடைக்கும் இக்கலை புதிதன்று. கன்னையா கம்பெனியாரின் 'தசாவதாரம்', நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் பக்தி நாடகங்கள், ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' ஆகியவை காட்சி ஜோடனைக்குப் பெயர் பெற்றவை. தாபஸ் சென் பிறந்தது 1924இல். மனோகர் பிறந்தது 1925இல். இருவரும் 2006ஆம் ஆண்டில் காலமானார்கள். அத்தகைய மேதைகளின் திறமை நமக்கு வாய்க்காது. ஆயினும் மேடை ஒளியின் அடிப்படை உத்திகள் நம் கைக்கு எட்டக்கூடியவையே.

சில உதாரணங்கள் கூறுகிறேன். ஆற்றங்கரைக் காட்சி வேண்டுமா? அகன்ற தாம்பாளம் ஒன்றில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி நீர் ஊற்றுங்கள். எட்ட வைத்த விளக்கின் ஒளியைச் சாய்வாக அதன்மேல் பாய்ச்சி, ஒரு குச்சியால் நீரை மெல்ல அலையுங்கள். பின்திரை முழுவதும் அலைகள் நெளியும்.

முருகப் பெருமான் திடீரெனக் காட்சி தர வேண்டுமா? மெல்லிய சல்லாத் துணியைத் தொங்கவிட்டு, முன்புறத்திலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சினால் அது சுவர்போல் தோன்றும். முன்விளக்கைத் தணித்துப் பின்விளக்கை ஏற்றினால், துணி கண்ணுக்கு மறைந்து அப்பால் நிற்கும் முருகன் தோன்றுவான்.

இரவில் ரயில் கடந்து போக வேண்டுமா? நீண்ட அட்டையில் வரிசையாகச் சன்னல்கள் வெட்டி, இருண்ட மேடையின் பக்கத்தில் ஒரே விளக்கின் முன்னால் அதை இழுத்துச் செல்லுங்கள். நடிகரின் முகத்தில் வெளிச்சமும் இருளும் மாறி மாறி ஓடும். ரயில் சபையோரின் மனத்தில் ஓடிவிடும்.

மின்னல் காட்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இடியோசை ஒரு கிலோமீட்டர் வந்து சேரச் சுமார் 3 விநாடி ஆகும். மின்னலும் இடியும் ஒருங்கே வந்தால் இடி தலைமேல் விழுந்ததாகப் பொருள். முதலில் இடைவெளி விட்டு, பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்தால், மழை நெருங்கி வருவதாகச் சபை தானே உணரும்.

வண்ணத்திலும் எச்சரிக்கை தேவை. சிவப்புச் சேலையின்மேல் பச்சை ஒளி பட்டால் சேலை கறுத்துத் தோன்றும். சிவப்புத் துணி பெரும்பாலும் சிவப்பொளியையே திருப்பி அனுப்பும். ஆகவே சேலை தெரிவு செய்யும் தாய்மார்கள் விளக்குக்காரனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டுகிறேன்.

மாயம் செய்வதிலும் முதன்மையானது பாதுகாப்பு. 1881ஆம் ஆண்டில் லண்டன் சவாய் அரங்கு முழுவதும் மின்விளக்கு பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், வாயு விளக்கு எரிந்த வியன்னா ரிங் அரங்கில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மின்சாரமும் அலட்சியத்தை மன்னிப்பதில்லை. 230 வோல்ட்டில் 1,000 வாட் விளக்கு ஒன்று 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் அத்தகைய விளக்குகள் மூன்றுக்குமேல் கூடா. எல்.இ.டி. விளக்குகள் இச்சுமையை வெகுவாகக் குறைத்துவிட்டன. எனினும் எர்த் இணைப்பைச் சோதிக்காமலும், தீயணைக்கும் மணல் வாளிகளை அருகில் வைக்காமலும் திரையைத் தூக்கலாகாது. முற்காலத்தில் உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளியைக் கூட்டிக் குறைத்தார்கள். உயிருக்கு உலை வைக்கும் அம்முறையை எவரும் முயலக் கூடாது.

அன்பர்களே! இத்தனையும் நான் கூறியது விளக்கின் பெருமைக்காக மட்டுமன்று. நம் காலனியில் பிறந்து வளரும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இந்தியும் வங்காளியும் சரளமாகப் பேசுகிறார்கள். வீட்டில் பாட்டி தமிழில் கேட்டால் வேறு மொழியில் விடை சொல்கிறார்கள். அவர்களை மேடையேற்றி நீண்ட தமிழ் வசனம் பேசச் சொன்னால் கூச்சப்பட்டு ஓடுகிறார்கள். விளக்கருகில் வந்து நிற்கச் சொன்னாலோ, விளையாட்டுச் சாமான் கிடைத்தாற்போல் ஆவலோடு வருகிறார்கள்.

அங்கேதான் தமிழ் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. எந்தச் சொல்லில் நிலவு தோன்ற வேண்டும், எந்தச் சொல் முடிந்ததும் இருள் சூழ வேண்டும் என்பதை விளக்குக்காரன் அறிந்திருக்க வேண்டும். கதாநாயகனுக்குத் தன் வசனம் தெரிந்தால் போதும். விளக்குப் பையனுக்கோ எல்லோருடைய வசனமும் தெரிய வேண்டும். இருபது நாள் ஒத்திகையில் ஒரு நாடகம் முழுவதும் அவன் செவி வழியே நெஞ்சில் ஏறிவிடும். குறிப்பேட்டைப் பார்க்க எழுத்தும் கற்றாக வேண்டும். வாடகைக்கு வரும் மின்திரை, அதைக் கொண்டுவரும் அன்னியர் கையில் இயங்கும். நம் பிள்ளை அதன்முன் உட்கார்ந்து பார்ப்பானேயன்றி, அவனுக்கு அங்கே வேலை இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும், குழந்தைகள் மகிழட்டும். அவற்றிடையே நாற்பது நிமிட நாடகம் ஒன்றுக்கு இடம் கொடுங்கள். விலையுயர்ந்த சாதனம் எதையும் நான் கேட்கவில்லை. ஆறு விளக்குகள், சில வண்ணத் தாள்கள், பத்து கஜம் சல்லாத் துணி, ஒரு தாம்பாளம் போதும். இவற்றோடு உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் நால்வரை, ஆணாயினும் பெண்ணாயினும், மாலை வேளையில் ஒத்திகைக்கு அனுப்பி வையுங்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது.