நம்மை நாமே எண்ணுவோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கால் நூற்றாண்டாக நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வந்துள்ளது. எனினும், நம் தெருக்களில் உழைப்போர் எத்தனை பேர், எத்தொழிலில், ஆண்டுக்கு எத்தனை மாதம் உழைக்கின்றனர் என்று எவரேனும் வினவினால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு குறிப்பேடு இல்லை. இக்குறையைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஏழாவது வட்டம் என்னும் சிறு பகுதியில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்தனர். அம்மக்களே நகரத்தின் நோய் எனப் பலரும் பழித்தனர். 1896-இல் டூபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் அங்குக் குடியேறினார். வீடு வீடாகச் சென்று தொழில், வருவாய், வாடகை, கல்வி ஆகியவற்றைக் கேட்டு எழுதினார். வசதியுடையோர், நிலையான வேலையுள்ள உழைப்பாளர், ஏழையர், குற்றத்தில் வீழ்ந்தோர் என அம்மக்களை நான்கு படிகளாக வகுத்தார். கடைசிப் படியில் நிற்கும் சிலரைக் காட்டி ஓர் இனத்தையே எடைபோடுதல் தகாது என்றும், நிறத்தின் பெயரால் வேலை மறுக்கப்படுவது வறுமைக்குப் பெருங்காரணம் என்றும் 1899-இல் வெளிவந்த அவர் நூல் மெய்ப்பித்தது. அப்பெரியாருக்கு 1946-இல் நம் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார் என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

நம் நாட்டிலோ, 2001, 2011 கணக்கெடுப்புகள் உழைப்போரைப் பயிரிடுவோர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழில் செய்வோர் என நான்காக வகுத்தன. ஆண்டில் ஆறு மாதமேனும் உழைப்பவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர்.

நாமும் ஆசிரியர் என்ற முறையில் கணக்கெடுக்கச் சென்றோம். தொழில் யாதென ஒருவரை வினவினோம், "கூலிங்க" என்றார். விவசாயக் கூலி என எழுதப் பேனாவை எடுத்துவிட்டோம். பிறகே அவர் சட்டையில் படிந்திருந்த சிமெண்டுத் தூளைக் கண்டோம்! அவர் லாரியில் மூட்டை ஏற்றுபவர். அவர் மனைவியோ, "நான் வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்றார். பருத்திக்காட்டில் களை எடுத்து அப்போதுதான் வந்திருந்தார், அந்த அம்மையார்.

ஒரு சொல்தானே என எண்ணற்க. மக்கள்தொகை 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேர் வேளாண்மை சாராதோர் என்றிருந்தால்தான் ஓர் ஊர் கணக்கெடுப்பு நகரம் எனப்பட்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சூழ்ந்த ரெட்டிபாளையம் வட்டாரத்தில் "கூலி" என்னும் ஒரு சொல் எத்தனை பேரின் தொழிலை மறைக்கும்! மேலும், 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தங்களின்படி, ஊராட்சியிலும் நகராட்சியிலும் பட்டியல் சாதியினரின் இடங்கள் அவர்தம் மக்கள்தொகை விகிதப்படியே ஒதுக்கப்படுகின்றன. கூச்சத்தால் சாதியை மறைப்பவர் தம் பிள்ளையின் பங்கையே குறைக்கிறார்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் எல்லாச் சாதியினரும் எண்ணப்படுவர் என 2025-இல் அரசு அறிவித்தது. ஆகவே இளைஞர்களே, தெருவுக்கு இருவராகப் புறப்படுங்கள். வயது, படிப்பு, தொழில், உழைத்த மாதங்கள், நிலம், வீடு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெண்களிடம் நேரிலேயே கேளுங்கள். படிநிலை என்பது வாழ்நிலையின் அளவேயன்றி மனிதரின் மதிப்பன்று. நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும்!