பாடகன் பெயரும் பாட்டின் பொருளும்



ஏழையின் கண்ணீரைப் பாட்டாக்கும் கலைஞனைப் போற்றுவது எளிது. அந்தக் கண்ணீரைத் துடைப்பது அரிது. எளியதைச் செய்து அரியதை மறக்கும் அரசியலுக்கு அமெரிக்க வரலாற்றிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

'கண்ட்ரி' இசை என்று அந்நாட்டார் அழைக்கும் கிராமிய இசையின் பெரும் பாடகர் ஜானி காஷ். பருத்தி பயிரிட்ட குடும்பத்திலே பிறந்தவர். 1968-இல் ஃபோல்சம் சிறைக்குள் சென்று, சமூகம் ஒதுக்கிவைத்த கைதிகளின் நடுவே பாடியவர். ஐவோ ஜிமா போரிலே கொடி நாட்டிய வீரருள் ஒருவர், பீமா பழங்குடியைச் சேர்ந்த ஐரா ஹேய்ஸ். களத்திலே மாலை பெற்ற அவர், ஊரிலே வறுமையும் குடியும் வாட்ட, 1955-இல் மாண்டார். அந்தக் கதையை 1964-இல் காஷ் பாடினார். வானொலி நிலையங்கள் பல தயங்கின. அவர் தளர்ந்தாரா? இல்லை! இசைத்தொழில் ஏட்டிலே முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, அவர்களின் கோழைத்தனத்தைச் சாடினார்.

இத்தகையவரைத்தான் 1970 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் நிக்சன் வெள்ளை மாளிகையிலே பாட அழைத்தார். இன்னின்ன பாட்டுக்கள் வேண்டும் என்று குறிப்பும் சென்றது. ஒன்று, அரசின் உதவி பெறும் ஏழையை எள்ளி நகையாடும் பாட்டு. மற்றொன்று, போரை எதிர்த்த இளைஞரை இடித்துரைக்கும் பாட்டு. இரண்டையும் காஷ் பாடவில்லை. இளைஞரின் கேள்விக்குச் செவி கொடுங்கள் என்னும் கருத்தமைந்த தம் பாட்டை, ஆட்சித் தலைவரின் எதிரிலேயே பாடினார்! 1972-இல் செனட் துணைக்குழுவின் முன் சிறைச் சீர்திருத்தம் வேண்டிச் சாட்சியமும் அளித்தார்.

2003-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு நியூயார்க்கிலே குடியரசுக் கட்சி மாநாடு கூடியபோது, டென்னசி பிரதிநிதிகளுக்காக அவர் பெயரால் விருந்து நடைபெற்றது. வெளியே, கறுப்புடை அணிந்து நின்றனர் கண்டனக்காரர்கள். ஏழைக்காகவும் சிறையாளிக்காகவும் கறுப்புடை தரித்தவர் அன்றோ காஷ்? உள்ளே அவர் பெயர். வெளியே அவர் உடை. அவர் கொள்கை எங்கே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

தோழர்களே! பாடகன் பெயர் கைத்தட்டல் வாங்கித் தரும். அவன் பாட்டோ கணக்குக் கேட்கும். மேடையேறி அப்படியொரு பெயரைச் சொல்ல நா எழும்போதெல்லாம், அந்தப் பாட்டிலே வரும் ஏழைக்கு நாம் செய்தது என்ன என்று நெஞ்சைக் கேளுங்கள். விடை இருந்தால் பேசுங்கள். இல்லையேல், முதலில் அவன் குடிசைக்குச் செல்லுங்கள்.