ஓரம் விடும் வழக்கு



செகந்திராபாத்தில் மாரேடுபள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், பள்ளி இறுதித் தேர்வு முடிந்த பிள்ளையைத் தட்டெழுத்துப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாய் இருந்தது. பம்பாயிலும் டில்லியிலும் வாழும் நேயர்களுக்கும் இது புதிதன்று. நானும் அவ்வாறு சேர்க்கப்பட்டவனே. கணக்குப் பட்டியல் ஒன்றை அடிக்க வேண்டுமாயின், ஆசிரியர் முதலில் 'டேபுலேட்டர்' நிறுத்தங்களைப் பொருத்தச் சொல்வார். அதன்பின் ஒரே விசையை அழுத்தினால் போதும். தாளைத் தாங்கிய உருளை தானே நகர்ந்து, குறித்த இடத்தில் போய் நிற்கும். அவற்றைப் பொருத்தச் சோம்பி, இடைவெளிக் கட்டையையே எட்டு முறை, பத்து முறை தட்டி எண்ணிக்கொண்டிருந்த மாணவரும் உண்டு. தாளைப் பார்த்து, யார் எவ்வழியில் அடித்தார் என்று சொல்ல இயலாது.

அவ்விரு வழக்கங்களும் இன்று கணிப்பொறி நிரல் எழுதுவோரிடையே ஒரு பெரும் வாதமாக நிலவுகின்றன. 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல் ஹைதராபாத்தின் மேற்கே வளர்ந்த அலுவலகங்களில் இவ்வாதம் கேட்காத தேநீர் இடைவேளை குறைவு.

நிரல் என்பது பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளை வரிசை. 'மழை பெய்தால்' என்பது ஒரு வரி. 'குடையை எடு', 'சன்னலைச் சாத்து' என்பன அதற்கு உட்பட்டவை. உட்பட்ட வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதினால், எது எதற்கு அடங்கியது என்பது பார்த்த அளவிலேயே விளங்கும். இந்த உள்தள்ளலை டேப் குறியால் செய்வதா, இடைவெளிக் குறிகளால் செய்வதா என்பதே வழக்கு. எந்த விசையை அழுத்துகிறோம் என்பதன்று. கோப்பில் எந்தக் குறி பதிவாகிறது என்பதே கேள்வி. ஆஸ்கி அட்டவணையில் டேப்பின் எண் 9. இடைவெளியின் எண் 32. இடைவெளி எங்கும் ஒரே அகலம் காட்டும். டேப்போ 'ஒரு படி உள்ளே' என்று மட்டும் சொல்லும். அப்படி எத்துணை அகலம் என்பதைப் படிப்பவர் தம் திரையில் அமைத்துக்கொள்ளலாம்.

உலகமும் இதில் ஒருமனப்படவில்லை. பைத்தான் மொழியினர் 2001-இல் வகுத்த நெறி நான்கு இடைவெளிகளைப் பரிந்துரைக்கிறது. லினக்ஸ் கருநிரலோ டேப்பைக் கொள்கிறது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' என்னும் கருவியில், கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும். அது தொல்லை என்று சில வாரங்களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தமையால், அவர்களுக்குத் தொந்தரவு தர மனமின்றி விட்டுவிட்டாராம். அன்று பன்னிருவர்க்குக் காட்டிய தாட்சண்யத்தை இன்றளவும் உலகம் சுமக்கிறது!

நான் நெடுங்காலம் இடைவெளிக் கட்சி. அதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை எங்கள் நிரல் ஒன்றில் இரு குறிகளும் கலந்துவிட்டன. பழைய பைத்தான் ஒரு டேப்பை எட்டு இடைவெளிக்கு நிகராகக் கொள்ளும். என் திரையோ அதை நான்காகக் காட்டியது. கண்ணுக்கு வெளியே நின்ற வரி, பொறிக்கு உள்ளே நின்றது. பிழையைக் கண்டுபிடிக்க ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. 2008-இல் வந்த மூன்றாம் பைத்தான், இவ்வாறு ஐயத்துக்கு இடமாகக் கலந்த நிரலை ஏற்க மறுத்துவிடுகிறது. நல்ல காரியம்.

பின்னர் எங்கள் குழுவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் சேர்ந்தார். திரையில் உள்ளதை அவர் விரலால் படிப்பார். அதற்கான பிரெயில் கருவியில் நாற்பது கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. மூன்று படி உள்ளே தள்ளிய வரியை நான் இடைவெளிகளால் எழுதினால், பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையாகவே போய்விடும். டேப்பாயின், படிக்கு ஒரு கட்டமாக மூன்றே கட்டங்களில் முடியும்படி அவர் அமைத்துக்கொள்ளலாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதனால் சொன்னார். அவருடைய விரல் வெற்றுக் கட்டங்களைத் தடவித் தாண்டுவதை அதன்பிறகுதான் கவனித்துப் பார்த்தேன்.

வரிகளின் நடுவே பட்டியல்போல் நேர்ப்படுத்தும் இடங்களில் மட்டும் இடைவெளியை வைத்துக்கொண்டு, உள்தள்ளல் அனைத்தையும் டேப்புக்கு மாற்றினோம். மாற்றுவதற்கு ஒரு சிறு நிரலும் சில நிமிடங்களும் போதுமாயின. குழுவில் மூத்தவர் ஒருவரை இசையச் செய்வதற்குத்தான் மூன்று நாள் பிடித்தது. அம்மூத்தவர் அடியேன்தான்.